ஆட்சேபணை இல்லை

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அவரும் இருபது வருஷமாக, ஏதோ முதல் தடவை கேட்பதுபோல, கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர். யார் மனசும் நோகக் கூடாது என்பதற்காகத் தன் மனசை எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை மறந்துபோனவர்.

அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றதில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். யாராவது வந்தால் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. யாரும் வராததால் துணிக்குத் தொந்தரவு இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்து, அவர்களைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கைநழுவிப் போயிருந்தது. அவர்கள் காலத்துக்குப் பிறகு அக்கா நாலு இடத்தில் பெண் பார்த்தாள். அதற்குள் அவளுக்கே குடும்பம் தலைக்கு மேல் வேலையாகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தால் நாற்பத்தேழு வயது, அவ்வளவுதான்.

நகரத்தில் முப்பத்தெட்டு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். மொட்டை மாடி மோட்டார் அறையில் பிரேக்கைப் பார்ப்பார். இரும்புக் கயிற்றில் எங்காவது இழை பிரிந்திருக்கிறதா என்று பழந்துணியால் தடவிப் பார்ப்பார். பிறகு லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டையும் சோதித்தபடி இறங்குவார். கீழே வந்ததும் வாட்ச்மேன் மேஜையில் கிடக்கிற நோட்டில் தேதி போட்டு ஒரு கையெழுத்து. முடிந்தது. உட்காருங்கள் என்று எந்தக் கட்டடத்திலும் யாரும் சொன்னதில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை.

யாராவது நடு வழியில் மாட்டிக்கொண்டால்தான் அவருக்கு மனிதர்களோடு பேச்சு. கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்பார். உள்ளே அலறிக்கொண்டிருக்கிறவர்கள் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுவார்கள். கதவு திறக்கிறவரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் வேலையில் ஒரு பங்கு. உள்ளே இருக்கிறவர்களும் சொந்தக்காரரிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் கொட்டுவார்கள். ஒரு அம்மாள் தன் மாமியாரைப் பற்றி முழுதாக இருபது நிமிஷம் சொன்னாள். கதவு திறந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடியவள்தான், மறு வாரம் படியில் அவரைப் பார்த்து, நீ யாரப்பா, மேலே யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டாள். அவர் லிஃப்டைக் காட்டினார். குரலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை.

இப்படி இருக்கையில் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்தது. பதினான்கு மாடி ஆஸ்பத்திரி, ஒன்பது லிஃப்ட், பத்து மாதம். தற்காலிக வேலை விசாவில் ஆறு மெக்கானிக்குகளை அனுப்புவதாக ஏற்பாடு. அனுபவம் என்று பார்த்தால் முதல் பெயர் அவருடையதுதான். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வெளிநாட்டு ஆசை என்று சொல்ல முடியாது. புத்தம் புதுக் கட்டடத்தில், யாரும் இன்னும் ஏறாத ஒரு லிஃப்டைத் தன் கையால் முதன்முதலாக மேலே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் இருந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் மாட்டியதைப் பழுது பார்த்தவருக்கு வேறு என்ன தோன்றும்?

விசாப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. வேலை முடிந்ததும் நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான காரணங்கள். வீட்டில், போயிட்டு வரேன் என்று வாயால் சொன்னால் நம்பிவிடுவார்கள். விசா ஆபீஸ் நம்புமா? மனைவி, பிள்ளை, சொந்த வீடு, நிலம், வயதான பெற்றோர் என்று அது சாட்சி கேட்கும். ஒரு மனிதனைத் திரும்ப இழுக்கக்கூடிய கயிறுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பும். கூட வருகிற மெக்கானிக்குகளில் ஒருவர் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்: மூன்று பெண்கள், மாமனார், இடிந்துகொண்டிருக்கும் ஒரு வீடு. நம்மவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், அக்கா என்று மட்டும் எழுதினார்.

அக்கா வேறு ஊரில் இருந்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று அவர் போனில் கேட்டதும், "அதுக்கென்னடா, நான் எழுதாத லெட்டரா?" என்றாள். இரண்டே நாளில் கூரியர் வந்தது. உறை ஒட்டி, மேலே விசா அதிகாரிக்கு என்று எழுதியிருந்தது. தனக்கு என்று எழுதாத உறையைப் பிரிக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கூடவே நாலு குடும்பப் போட்டோக்களும் வைத்திருந்தாள். சமர்த்து அக்கா.

நேர்காணல் நடந்த அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, அவர் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அதிகாரி முதலில் போட்டோக்களைப் பார்த்தார். பிறந்தநாள், புது வீடு, காதுகுத்து, எல்லாவற்றிலும் அக்கா குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. இதில் நீங்கள் யார் என்று கேட்டார். மெக்கானிக் கண்ணாடிக்கு அருகில் குனிந்து நாலையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"நான் இதுல இல்லைங்க. நான்தான் எடுத்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொல்வதற்குமுன் கொஞ்சம் தயங்கினார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு உறையைப் பிரித்தார். கடிதம் தமிழில் இருந்ததால் மொழிபெயர்ப்பாளர் முதலில் அதை உரக்கப் படித்தார். நல்ல கணீர்க் குரல்.

"என் தம்பி தங்கள் நாட்டுக்கு வேலைக்கு வருவதிலோ, எத்தனை காலமாயினும் அங்குத் தங்குவதிலோ, நிரந்தரமாகவே தங்கிவிடுவதிலோ எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தைந்து வருஷமாக ஆட்சேபணை இல்லை, ஆட்சேபணை இல்லை என்று தட்டிக்கொண்டே இருந்த கை அது. எந்த ஆபீஸுக்கும் அந்த வார்த்தைதான் வேண்டும் என்று அவள் நம்பினாள். தம்பிக்கு ஒரு தடங்கலும் வரக் கூடாது என்று, இருக்கிற கதவையெல்லாம் சேர்த்துத் திறந்து வைத்திருந்தாள். அன்பு இல்லாமல் இப்படி எழுத முடியாது என்று நான் சத்தியமே செய்வேன். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஊர் உலகத்தில் தனக்கு இருக்கிற ஒரே ஆள், தான் திரும்பி வராவிட்டால் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறாள் என்று கேட்டது. விசா மறுக்கப்பட்டது.

சாயங்காலம் அக்காவிடம் போனில் சொன்னார். அவள் பதறிப்போனாள். "தடையில்லாம போகணும்னுதானேடா எழுதினேன்? வேணாம்னு எழுதினாத்தானே நிறுத்துவாங்க?" என்றாள். சரிதான் அக்கா, நீ நல்லதுக்குத்தான் எழுதினாய் என்று அவரே அவளைச் சமாதானப்படுத்தினார். ஆட்சேபணை இருக்கிறது என்று யாராவது எழுதியிருக்க வேண்டும் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் எழுதித் தந்துவிடுவாள், அதற்கும் அவளிடம் ஒரு மாதிரிப் படிவம் இருக்கும். கேட்டு வாங்குகிற ஆட்சேபணையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அன்றைக்கு அவர் துணி இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கம்பெனி விடுவதாயில்லை. மறுபடி விண்ணப்பிக்கலாம், இந்தத் தடவை கம்பெனியே பலமாக ஒரு கடிதம் தரும் என்று ஆபீஸ் மேடம் சொன்னாள். அவளே டைப் செய்து கொடுத்தாள். இவர் எங்கள் நிறுவனத்துக்கு இன்றியமையாதவர், இவர் திரும்பி வராத நிலை ஏற்பட்டால் அது எங்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று இருந்தது. அவர் அதை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். ரொம்ப நன்றி மேடம் என்றார்.

"ஐயோ, இதுக்கு என்னண்ணா நன்றி? எல்லாருக்கும் இதேதான் குடுக்கிறது. பேரை மட்டும் மாத்துவேன்."

இரண்டாவது நேர்காணலில் அதிகாரி ஒரு பெண்மணி, நரைத்த தலை. பழைய காகிதங்கள் எல்லாம் அவள் முன்னால் இருந்தன. உங்களுக்காக இங்கே காத்திருப்பவர்கள் யார் என்று கேட்டாள். எல்லாரும் இந்த இடத்தில் பொய் சொல்வார்கள், அதற்கென்றே வெளியே ஆட்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவருக்கும் ஒருவன் சொல்லிக் கொடுத்திருந்தான். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"யாரும் இல்லைங்க. ஆனா வேலை முடிஞ்சப்புறம் நான் எந்தக் கட்டடத்துலயும் நின்னது இல்ல. இருன்னு யாரும் சொன்னதும் இல்ல. முடிஞ்சா கிளம்பி வந்துடுவேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்த பிறகு அந்த அம்மாள் பழைய காகிதங்களை மறுபடி புரட்டினாள். பிறகு நிறைய எழுதினாள். மூன்றாம் நாள் விசா வந்தது, ஒரு நிபந்தனையோடு. பாஸ்போர்ட்டுடன் ஒரு மஞ்சள் சீட்டை இணைத்திருந்தார்கள். ஊர் திரும்பிய பதினைந்து நாட்களுக்குள் விசா ஆபீஸின் நாலாம் எண் கவுன்ட்டருக்கு நேரில் வந்து முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். வேலை முடிகிற தேதியும் அதில் அச்சாகியிருந்தது. கூட வந்த ஐந்து பேருக்கும் இந்தச் சீட்டு இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்ததால் நம்பிவிட்டார்கள். சந்தேகப்பட்டுக் கொடுத்த காகிதம் அது, பார்க்கப்போனால் அவமானம். அவரோ அதை நாலாக மடித்துப் பர்ஸில், மற்றவர்கள் பிள்ளை படம் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

போன இடத்தில் தகரக் கூண்டு மாதிரி ஒரு அறை, ஆறு கட்டில். நாள் முழுக்க வேலை. லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரில் நூல் பிடித்து நிறுத்துவது, கயிறு கோப்பது, கூண்டு கட்டுவது என்று நேரம் ஓடிவிடும். வேலை விட்டு வந்ததும் மற்ற ஐந்து பேரும் போனை எடுப்பார்கள். ஒருவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒருவர் மனைவியோடு சண்டை போடுவார், அதுவும் எத்தனை நிதானமாக, அங்கேயே பக்கத்தில் இருப்பதுபோல. நம்மவர், தான் இருந்தால் அவர்களுக்குச் சங்கடம் என்று நினைத்து வெளியே போய் வேலியோரமாக நடந்துவிட்டு வருவார். அவர்கள் ஒரு நாளும் போகச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேசுவார். சாப்பிட்டாயா, வெயிலா குளிரா, சரி வைக்கட்டுமா. பத்து நிமிஷத்தில் இரண்டு பேருக்குமே சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

நடக்கும்போது சில நாள் மஞ்சள் சீட்டை எடுத்துப் பார்ப்பார். ஒரு நாள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் பார்த்துவிட்டு, யாருடைய கடிதம் என்று பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை, திரும்பி வந்ததும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் இவர். யார் என்று கேட்டதற்கு, நாலாம் நம்பரில் ஒரு அம்மா என்று வாய் தவறி வந்துவிட்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அறையில் அவருக்கு நாலாம் நம்பர் என்றே பெயர். ஆளு கமுக்கமாக இருந்துகொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறார் பாருங்கள் என்று ஓட்டினார்கள். அவர் மறுக்கவில்லை. கேலி செய்வதற்காவது தனக்கு ஒருத்தி இருக்கட்டுமே என்று இருந்துவிட்டார். அந்தச் சின்னப் பொய்யில் அவருக்கு நிறையவே சந்தோஷம் இருந்தது.

ஒன்பதாவது மாதம் அவர் ஆசைப்பட்டது நடந்தது. நோயாளிக் கட்டில் நுழைகிற பெரிய லிஃப்டை முதன்முதலாக மேலே ஓட்டினார். பதினான்கு மாடியும் ஒரு உதறல் இல்லை. தரையில் நிறுத்தி வைத்த பேனா விழவில்லை. மேலே கதவு திறந்தபோது அங்கே பூச்சு வேலைச் சாரத்தைத் தவிர ஒருவரும் இல்லை. பழக்கதோஷத்தில் அவர், "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

பேனா விழாததைக் கேள்விப்பட்ட, நம்ம ஊர்க்கார மேற்பார்வையாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பக்கத்து ஊரில் இன்னொரு கம்பெனி ஆள் தேடுகிறது, விசா முடிந்தாலும் பேசாமல் இருந்துவிடலாம், காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள் என்றார். "உனக்குன்னு அங்க யார் இருக்கா? யாருக்காகத் திரும்பிப் போகணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் அந்த வாரம் முழுக்க யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இருந்துடுடா. நல்லா இருந்தா அதுவே போதும். எங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

அவளுக்கு அந்த வார்த்தை நினைவிலேயே இல்லை. அவருக்கு இருந்தது. போனை வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றார். மேற்பார்வையாளரின் கேள்விக்குப் பதில் பர்ஸில் இருந்தது. உலகத்தில் ஒரு இடத்தில், ஒரு பட்டியலில், இவன் இன்ன தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நம்பாமல்தான் எழுதினார்கள், இருக்கட்டும். எழுதியவர்கள் அவர்கள் மட்டும்தானே? வேலை முடிந்த மறுநாள் விமானத்தில் கிளம்பினார்.

பகல் பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். மற்றவர்களை அழைத்துப்போக வேன் பிடித்துக்கொண்டு ஊரே வந்திருந்தது. அவர் தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு, கட்டிப்பிடித்து நிற்பவர்களிடம் வழி கேட்டு வெளியே வந்தார். அக்காவுக்குப் போன் செய்தார். "என்னடா, என்ன ஆச்சு? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?" என்றாள். இல்லை, முடிந்துவிட்டது என்றார். அட, இருந்திருக்கலாமேடா என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் நேரே விசா ஆபீஸுக்குத்தான் போவதாக இருந்தார். இரண்டு நிறுத்தம் முன்னால் ஒரு எண்ணம் வந்தது. போய் முகத்தைக் காட்டினால் அவர்கள் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம்? பதினைந்து நாள் அவகாசம் இருக்கிறதே, இன்றைக்கே என்ன அவசரம்? நாளைக்குப் போகலாம் என்று வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் மாறி ஏறினார்.

அவருடைய பழைய அறை காலியாகவே இருந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு யார் வருவார்கள்? இரண்டு நாற்காலியும் போட்டது போட்டபடி இருந்தன. கம்பெனிக்குப் போனபோது ஆபீஸ் மேடம், "நீங்க அடுத்த மாசம்தானேண்ணா வரணும்?" என்றாள். ஈடுசெய்ய முடியாத இழப்பை ஈடுசெய்ய ஒரு மெக்கானிக்கைச் சேர்த்திருந்தார்கள். வாட்ச்மேன் மேஜை நோட்டுகளில் பத்து மாதமும் வேறு கையெழுத்து ஒழுங்காக விழுந்திருந்தது. முப்பத்தெட்டில் பத்தொன்பதைப் பிரித்து அவருக்குக் கொடுத்தார்கள். ஒருவரும் அவரை எங்கே காணோம் என்று கேட்கவில்லை. மாமியார் கதை சொன்ன அம்மாள், மறுபடியும் யாரப்பா நீ என்றாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் மஞ்சள் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார், போகாமலே வீட்டுக்கு வருவார். பயமோ சோம்பலோ இல்லை. இன்னும் எட்டு நாள் ஒரு இடத்தில் காத்திருக்கிறார்கள், இன்னும் ஐந்து நாள் காத்திருக்கிறார்கள் என்று இருப்பது நன்றாக இருந்தது. பிள்ளைகள் கடைசி வாய் மிட்டாயைக் கடிக்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருக்குமே, அப்படி வைத்திருந்தார்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, ஒரு கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல் அவருடைய முழுப் பெயரையும், தகப்பனார் பெயரோடு, தப்பில்லாமல் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டது. தான்தான் என்றார்.

"நாலாம் கவுன்ட்டர்ல இருந்து பேசறேன். இன்னிக்குக் கடைசி நாள். இன்னும் நீங்க வரலையே. ஊருக்கு வந்துட்டீங்களா?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூண்டின்மேல் உட்கார்ந்தார். எத்தனையோ கதவுகளுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் சொன்ன சொல்தான், கேள்வியாகத் தன்னிடம் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. அம்மா இருந்தவரை கேட்டிருப்பாள்.

"வந்துட்டேங்க," என்றார். "இதோ வந்துட்டே இருக்கேன்."

அறைக்குப் போய் முகம் கழுவி, நல்ல சட்டை மாற்றிக்கொண்டு போனார். நாலாம் கவுன்ட்டரில் அந்த நரைத்த தலை அம்மாள் இல்லை, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இப்படி அவர் முகத்தை யாரும் பார்த்து ரொம்ப நாளாயிற்று. நாட்டுக்குள் திரும்பி வந்த தேதி முத்திரையைக் கண்டுபிடித்ததும் அவள் புருவம் உயர்ந்தது. "வந்து பதினஞ்சு நாளாகுதே, ஏன் வரல?" என்றாள். வேலை என்றார் அவர். அவள் நம்பினாள். அவள் ஏதோ தட்டிக்கொண்டிருக்கையில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நான் வராமலே போயிருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"தேடுவோம்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டார். அவளுக்கு அது பாடமாகியிருந்தது. முதலில் மூன்று நாள் போன் செய்வார்கள். அப்புறம் கம்பெனிக்குக் கடிதம். அக்கா விலாசத்துக்கு ஒன்று. பிறகு அந்த நாட்டு ஆபீஸுக்கு எழுதுவார்கள், அவர்கள் வேலை செய்த இடத்திலும் தங்கிய இடத்திலும் போய் விசாரிப்பார்கள், ஆஸ்பத்திரிகளில்கூடக் கேட்பார்கள். ஆள் கிடைக்கிறவரை கோப்பு திறந்தே இருக்கும் என்றாள். அவர் அதை முழுக்க, இடையில் பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அவள் ஒரு தாளை அச்சடித்து, தடுப்பின் அடியில் நகர்த்தினாள். மேற்கண்ட நபர் திரும்பி வந்தது உறுதி செய்யப்பட்டது என்றும், அவரைக் குறித்த கோப்பை மூடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை என்றும் இருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

"என்ன சார், ஏதாவது ஆட்சேபணை இருக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்சம் இருக்குங்க," என்றார் அவர்.

அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவர் யார் மனசும் நோகவிடாதவர். கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, வழக்கம்போலத் தேதியும் போட்டுக் கொடுத்தார்.